எங்கேன்னு கேட்டா, காட்டுல

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க தங்கச்சி. எனக்கு இந்த ரோடு பார்த்துப் பார்த்துப் புளிச்சது. பாப்பா தலையை மட்டும் கொஞ்சம் உங்க மடி மேல வச்சுக்கட்டுமா? ரொம்ப நல்லது. சென்னையில ஏறினதுலேருந்து ஒரு பொட்டு கண்ணை மூடல. வார்சாவுல இறங்கி இந்த பஸ்ல ஏறினதும் கட்டை மாதிரித் தூங்குறா. பிள்ளைகளுக்கு பிளேனைவிட பஸ்ஸுதான் தொட்டில்.

நீங்க தமிழ்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பார்க்கிறீங்களா? உங்க அட்டைப்பெட்டிதான். சுத்தி நைலான் கயிறு, கயித்துக்கு மேல டேப்பு, டேப்புக்கு மேல மார்க்கர்ல பேரு. இப்படிக் கட்டினா கப்பல் கவுந்தாலும் பெட்டி கரை சேரும். உள்ள என்ன, மிளகாய்த்தூளா? நானும் அதான். எனக்கு சாத்தான்குளம் பக்கம். உங்களுக்கு? நாமக்கல்லா! கல்யாணம் ஆகி நாலு மாசம்தான் ஆச்சா? அப்போ நீன்னு கூப்பிடுறேன், கோவிச்சுக்காதே. வீட்டுக்காரர் போஸ்னான்லயா வேலை? அட, நாங்களும் போஸ்னான்தான்! அப்போ நம்ம வாட்ஸ்அப் குரூப்ல உன்னையும் சேர்த்துட்டாரா? ‘போஸ்னான் தமிழ்ச் சொந்தங்கள்’ தானே? ஊருக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி குரூப்புக்குள்ள கால் வச்சாச்சு. ரொம்ப நல்லது.

அதுல சண்முகக்கனின்னு ஒரு பேரு இருக்கும். நான்தான். இப்பல்லாம் அதுல நான் எதுவும் போடுறதில்லை. பிறந்தநாள்னா ஒரு கேக்கு, செத்துட்டாங்கன்னா ஒரு கும்பிடு. அவ்வளவுதான். அதுக்கு ஒரு கதை இருக்கு. நான் அதிகம் பேசுற ஆளில்லை. ஆனா போஸ்னான் போய்ச் சேர இன்னும் நாலு மணி நேரம் இருக்குல்லா.

அந்தா பாரு, ரோட்டோரமா வரிசையா கார் நிக்குது. ஆளு இருக்கா? இல்ல. எல்லாரும் காட்டுக்குள்ள. என்ன, ஒதுங்கப் போயிருக்காங்களா? நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். இவ்வளவு பணக்கார நாட்டுல இப்படியான்னு. இல்லடி. காளான் பொறுக்குறாங்க. ஆகஸ்டு கடைசியில ஆரம்பிச்சா அக்டோபர் முடிய இந்தச் சனங்களுக்குக் காளான் பைத்தியம். டாக்டர் போவாரு, வக்கீல் போவாரு, எங்க கம்பெனி சூப்பர்வைசர் லீவு போட்டுட்டுப் போவா. கையில ஒரு பிரம்புக் கூடை, ஒரு குட்டிக் கத்தி. விடியிறதுக்கு முன்னாடி கிளம்பி, பொழுதடையிறதுக்குள்ள கூடை நிறைய வந்திடுவாங்க.

ஆனா ஒண்ணு. எங்கே கிடைச்சதுன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க.

நான் ஆன்லைன்ல ஆர்டர் போடுற செருப்பைப் பெட்டியில போட்டு அனுப்புற இடத்துல வேலை பார்க்கிறேன். அங்க ஒருத்தி இம்மாம் பெரிய காளான் கொண்டாந்து எல்லாருக்கும் காட்டினா. எங்கே கிடைச்சதுன்னு சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டேன். “வ் லெஷே” அப்படின்னா. அப்படின்னா ‘காட்டுல’ன்னு அர்த்தம். காட்டுலன்னு எனக்குத் தெரியாதா? கடல்லயா முளைக்கும்? அடுத்தவளைக் கேட்டேன். அவளும் காட்டுல. பஸ் ஸ்டாப்ல ஒரு பெரியவரைக் கேட்டேன். தொப்பியைத் தூக்கிக் கும்பிட்டுட்டு, காட்டுல. பெத்த தகப்பன் மகன்கிட்ட சொல்ல மாட்டானாம். சாகக் கிடக்கும்போதுதான் காதுல சொல்லுவானாம். நம்ம ஊர்ல சொத்துப் பத்திரம் எங்க இருக்குன்னு சொல்லுற மாதிரி.

எனக்கு இது புரியவே இல்ல. எங்க ஊர்ல குளம் வத்துனா என்ன செய்வாங்க? தண்டோரா போட்டு மீன் பிடிப்பாங்க. பக்கத்து ஊர்க்காரன்கூட கச்சா வலையோட வருவான். கிடைச்சவனுக்குக் கிடைச்சது, கிடைக்காதவனுக்கு அடுத்த வீட்டுக் குழம்பு. ஒரு பொருள் கிடைச்சா நாலு பேருக்குச் சொல்லணும். அதானே மனுஷத்தன்மை? இவங்க நல்லவங்கதான், ஆனா இந்த விஷயத்துல கொஞ்சம் கஞ்சம்னு நினைச்சேன். இப்பவும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன். பொஜேனாகிட்ட சொல்லிடாதே.

பொஜேனா யாருன்னு சொல்லலைல்லா. எங்க எதிர் வீட்டுக்காரி. டிராம் ஓட்டுறா. ஆமா, பொம்பளைதான், அந்த நீளமான டிராமை ஒத்தைக் கையால வளைப்பா. புருஷன் கிடையாது, பிரிஞ்சுட்டாங்க. பத்து வயசுல ஒரு பொண்ணு, ஸோஷா. எனக்குக் காலையில ஆறு மணிக்கு வேலை, ரெண்டு மணிக்கு முடியும். அவளுக்கு ரெண்டு மணிக்கு டிராம் ஏறணும். எங்க வீட்டுக்காரர் செந்தூர்பாண்டி வெல்டிங் வேலை, எனக்கு முன்னாடியே கிளம்பிடுவாரு. பாப்பாவோட பால்வாடி திறக்கிறது ஏழு மணிக்கு. நான் அஞ்சேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். இடையில பிள்ளையை யாரு பார்க்க?

பொஜேனாதான். எங்க வீட்டுச் சாவி ஒண்ணு அவகிட்ட இருக்கும், ரோஸ் கலர் நூல் கட்டி. காலையில வந்து பாப்பாவை எழுப்பி, முகம் கழுவி, தொப்பி மாட்டி, பால்வாடியில கொண்டுவிடுவா. சாயங்காலம் நான் ஸோஷாவைப் பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டியாந்து தோசை ஊத்திக் கொடுத்து, பொஜேனா வர்ற வரைக்கும் பார்த்துக்குவேன். அவ எனக்குச் சம்பளம் தர்றதில்ல, நான் அவளுக்குத் தர்றதில்ல. ரெண்டு பேர் வண்டியும் அப்படியே ஓடிச்சு.

என் பேரைக் கேட்டதும் அவ அப்படிச் சிரிச்சா. இங்க ‘கான்யா’ன்னு குடை மாதிரி ஒரு காளான் இருக்காம். அன்னையிலேருந்து நான் அவளுக்குக் கான்யாதான். மத்தவங்களைக் கூப்பிடும்போது பேருக்கு முன்னாடி ‘பானி’ன்னு போடணும் இங்க, மரியாதைக்கு. பழகிட்டா அதை எடுத்துடுவாங்க. அவ எனக்கு ரெண்டாவது மாசமே எடுத்துட்டா.

போன செப்டம்பர்ல ஒரு நாள், “ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு ரெடியா இரு”ன்னா. கார்ல ஒரு மணி நேரம். நேரா போக மாட்டேங்கிறா, சுத்திச் சுத்திப் போறா. பின்னாடி ஏதாவது வண்டி வருதான்னு கண்ணாடியில பார்க்கிறா. நாங்க என்ன பேங்க்ல கொள்ளையடிக்கவா போறோம்? ஒரு இடத்துல வண்டியை நிறுத்தி, அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப் போனா. ஒரு பெரிய ஓக் மரம். சுத்திப் பாசி, மெத்தை மாதிரி. அந்தப் பாசிக்குள்ள, யாரோ மசால் வடை சைஸ்ல பன்னு சுட்டு அடுக்கி வச்ச மாதிரி, பழுப்புத் தொப்பி, வெள்ளைத் தண்டு… ‘போரோவிக்’. காளானுக்கெல்லாம் ராஜாவாம். அவங்க அப்பா காட்டிக் கொடுத்த இடம். முப்பது வருஷமா. அவ அண்ணனுக்குக்கூடத் தெரியாதாம், அவன் குடிச்சா உளறுவான்னு அப்பா சொல்லலையாம்.

எப்படி அறுக்கணும், எதைத் தொடக்கூடாது, சின்னதை ஏன் விட்டுட்டு வரணும், எல்லாம் காட்டினா. கடைசியா விரலை உதட்டுல வச்சு, “நிக்கோமு” அப்படின்னா. யாருக்கும் சொல்லாதேன்னு அர்த்தம். எனக்கு நல்லாவே புரிஞ்சது. புரியலைன்னு பொய் சொல்ல மாட்டேன். நானும் தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணினேன்.

ஆனா தங்கச்சி, நீயே சொல்லு. யாருக்கும் சொல்லாதேன்னா என்ன அர்த்தம்? வெளியாளுக்குச் சொல்லாதேன்னுதானே? நம்ம ஆளுங்க வெளியாளா? அவங்க நம்ம ஆளுங்கதானே!

குரூப்ல ஒரே ஒரு போட்டோதான் போட்டேன். நானும் பாப்பாவும் ஆளுக்கொரு காளான் பிடிச்சுக்கிட்டு. எங்கேன்னு கேட்டாங்க. கேட்டா பதில் சொல்லாம இருக்கிறது மரியாதையா? லொகேஷன் அனுப்பினேன். அறுபத்திமூணு பேர் இருக்கிற குரூப்பு. அம்பது கட்டைவிரல் வந்தது. ஆம்பூர் இர்ஃபான் அண்ணன், “அடுத்த ஞாயித்துக்கிழமை அங்கேயே ஒரு கெட்-டுகெதர் போட்டுடலாம், பிரியாணி என் பொறுப்பு”ன்னுட்டாரு.

பதினொரு கார் தங்கச்சி. நான் எண்ணினேன். நாப்பது உருப்படிக்கு மேல. இர்ஃபான் அண்ணன் வீட்டுலயே தம் போட்டு, அண்டாவைக் கம்பளியில சுத்தி, கார் டிக்கியில பிள்ளைத்தாச்சி மாதிரி உட்கார வச்சுக் கொண்டாந்திருந்தாரு. ஓக் மரத்துக்கு அடியில பெட்ஷீட்டு. ரெண்டு மரத்துக்கு நடுவுல ஷட்டில் வலை. பாட்டுப் பெட்டி வேற. பிள்ளைங்க கோகோ விளையாடுச்சு. ஆளாளுக்குப் பாலிதீன் பையை எடுத்துக்கிட்டு, காளானைக் கத்தியால அறுக்காம வேரோட பிடுங்கினாங்க. முளைச்சு மூணு நாள் ஆகாததைக்கூட விடல. அறுக்கணும்னு நான் சொன்னேன். கூட்டத்துல யார் காதுல விழும்? எனக்கு என்னன்னா, தயிர்ப் பச்சடி என் பொறுப்பு. ஒத்தை ஆளா நாப்பது பேருக்கு ஊத்தணும்.

நான் கரண்டியோட நிமிருறேன். எதிர்ல பொஜேனா. கையில கூடை, பக்கத்துல ஸோஷா.

சந்தோஷத்துல எனக்குத் தலைகால் புரியல. “வா பொஜேனா, வா வா! சரியான நேரத்துக்கு வந்தே!”ன்னு கத்துறேன். யாரோ ஒரு பேப்பர் தட்டுல பிரியாணியைப் போட்டு அவ கையில திணிக்கப் போறாங்க. அவ ஓக் மரத்தைப் பார்த்தா. ஷட்டில் வலையைப் பார்த்தா. பாலிதீன் பையைப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. “ஸ்மாச்நேகோ”ன்னு மெதுவா சொன்னா. நல்லா சாப்பிடுங்கன்னு அர்த்தம். திரும்பி நடந்துட்டா. ஸோஷா பிரியாணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போச்சு, பாவம், அதுக்கு ரொம்பப் பிடிக்கும்.

என்ன மரியாதையான பொம்பளை, சாப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போறாளேன்னு நினைச்சேன். நிஜமா.

இதுல பெரிய கூத்து என்னன்னா, அந்தக் காளானை ஒருத்தரும் சாப்பிடல. விஷமா இருந்தா என்ன பண்றதுன்னு பயம். செல்ஃபி எடுத்துட்டு, வீட்டுக்குப் போய் அத்தனை பையையும் குப்பையில போட்டுட்டாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் காலிங்பெல் அடிச்சுது. பொஜேனா. உள்ளே வரல. கையை நீட்டினா. உள்ளங்கையில எங்க வீட்டுச் சாவி, ரோஸ் நூலோட.

“பானி சண்முகக்கனி, நாளையிலேருந்து என்னால முடியாது”ன்னா.

அந்தப் பேரை முழுசா உச்சரிக்க எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பா, பாரு. அத்தனை எழுத்தையும் தப்பில்லாம சொன்னா. அப்பதான் எனக்கு உறைச்சுது. கான்யான்னு கூப்பிட்டவ பானி போட்டுட்டான்னா, கதவைச் சாத்திட்டான்னு அர்த்தம்.

மறுநாள் லீவு சொன்னேன். அப்புறம் நானும் எங்க வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி லீவு போட்டு ஒப்பேத்தினோம். சூப்பர்வைசர்கிட்ட வேற ஷிப்டு கேட்டேன். கிறிஸ்துமஸ் முடியட்டும்னா. குரூப்ல கேட்டேன், காலையில ரெண்டு மணி நேரம் யாராவது பாப்பாவைப் பார்த்துக்க முடியுமான்னு. அறுபத்திமூணு பேரும் பார்த்துட்டாங்க, நீலக் கோடு விழுந்துச்சு. ஏழு பேர் கும்பிடு போட்டாங்க. பாவம், அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்ல. நம்ம ஆளுங்களைக் குறை சொல்லக் கூடாது.

எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தாரு. மூணாம் நாள், “ஏட்டி கனி, பாப்பாவை ஊருக்கு அனுப்பிடுவோம். அம்மா பார்த்துக்கிடுவா. ரெண்டே ரெண்டு வருஷம். ஒண்ணாப்பு சேர்க்கும்போது கூட்டியாந்துடலாம்”ன்னாரு. எங்க அத்தைக்கு அதைச் சொன்னாரோ இல்லியோ, வீடியோவுல வந்துட்டாங்க. “ஏளா, பிள்ளைக்குச் சிவப்புல சேர் வாங்கிட்டேன். எல்கேஜிக்கும் சொல்லி வச்சாச்சு”ன்னு சேரைத் தூக்கித் தூக்கிக் காட்டுறாங்க. தங்கமான மனுஷி. பாப்பாவைக் கண்ணுக்குள்ள வச்சுப் பார்ப்பாங்க, எனக்குத் தெரியும். ஆனா பாப்பா தூங்கும்போது என் காது மடலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. வீடியோவுல காது மடலைப் பிடிக்க முடியுமா?

அக்டோபர் இருபத்தேழுக்கு டிக்கெட் பார்த்துட்டாரு. போறதுக்கு எனக்கும் பாப்பாவுக்கும். வர்றதுக்கு எனக்கு மட்டும். அந்த டிக்கெட்டை போன்ல காட்டினாரு. நான் அடுப்படிக்குப் போய், இல்லாத வெங்காயத்தை உரிச்சேன்.

சரி, மூக்கைச் சிந்திக்கிட்டு உட்கார்ந்தா ஆகுமா? போய்ச் சமாதானம் பண்ணுவோம்னு கேசரி கிண்டி எடுத்துட்டுப் போனேன். கதவு திறக்கல. டிராம் ஸ்டாப்ல நின்னு அவ டிராமுக்குக் கையைக் காட்டினேன். டிராம்காரி எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போறா, என்னையும் ஏத்திக்கிட்டா, கண்ணாடியில ஒரு தடவை பார்க்கல. அப்புறம் ஒரு நாள், கடை வாசல் பூரா தொட்டி தொட்டியா செவ்வந்திப் பூ வச்சிருந்தாங்க. மஞ்சள், வெள்ளை, அவ்வளவு மங்களகரமா! இருக்கிறதுலயே பெரிய மஞ்சள் தொட்டியா வாங்கி, ரிப்பன் கட்டி, அவ வீட்டு வாசல்ல வச்சு பெல் அடிச்சேன்.

கதவைத் திறந்தா. பூவைப் பார்த்தா. மூஞ்சி வெளுத்துப் போச்சு.

“நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன், பானி சண்முகக்கனி.”

ஸோஷாதான் பின்னாலேருந்து வாயைப் பொத்திக்கிட்டுச் சொல்லுது, இந்தப் பூவை இங்க கல்லறைக்கு மட்டும்தான் வைப்பாங்களாம். நவம்பர் ஒண்ணாம் தேதி கல்லறைத் திருநாள், அதுக்குத்தான் கடையெல்லாம் விக்குறாங்களாம். எப்படி இருக்கும் பாரு! நம்ம ஊர்ல சண்டை போட்டவ வீட்டு வாசல்ல ஒருத்தி பாடை கட்டி நிறுத்தின மாதிரி ஆயிப்போச்சு. தொட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துட்டேன். இப்ப எங்க வீட்டு பால்கனியில கறிவேப்பிலைக்குப் பக்கத்துல இருக்கு, நல்லாத்தான் பூக்குது. ஆனா கதவு சாத்தின பிறகு உள்ளே அம்மாவும் மகளும் சிரிச்ச மாதிரி எனக்குக் கேட்டுச்சு. கேட்டதா, நானா நினைச்சுக்கிட்டேனான்னு தெரியல. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அடுத்த வேலைக்கு இறங்கினேன்.

என்ன வேலைன்னா, யோசிச்சுப் பார்த்தேன். அவகிட்டேருந்து நான் எதை எடுத்தேன்? பூவையா, கேசரியையா? இடத்தை எடுத்தேன். இடத்தைக் கெடுத்தவ இடத்தைத்தானே திருப்பித் தரணும்? அவ்வளவுதான் கணக்கு.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கிட்டுக் காடு காடாப் போனேன். முதல் வாரம் ஒண்ணும் இல்ல. ரெண்டாவது வாரம் நாலு புழு விழுந்ததுதான் கிடைச்சுது. எதிர்ல கூடையோட வர்றவங்ககிட்டயெல்லாம் கேட்டேன். காட்டுல, காட்டுல, காட்டுல. டிக்கெட்டுக்கு ஒன்பது நாள் இருக்கு.

மூணாவது வாரம்தான் கிடைச்சுது. எந்த இடம்னு நான் சொல்ல மாட்டேன், அதை இப்பவே சொல்லிட்டேன் பாரு. நாங்க பாட்டுக்கு வடக்கே போற சின்ன ரயில்ல ஏறி, ஸ்டாரா வோல்யான்னு ஒரு ஸ்டேஷன்ல இறங்கினோம். ஸ்டேஷன்னா ஒரு பெஞ்சு, ஒரு கடிகாரம், அதுவும் ஓடாது. இறங்கினதும் கரண்ட் கம்பத்து மேல நாரை கூடு கட்டின ஒரு வீடு. பாப்பா அந்தக் கூட்டைப் பார்த்துட்டு அங்கேயே நின்னுக்கிட்டா, நகர மாட்டேங்கிறா. அவளை இழுத்துக்கிட்டு அந்த வீட்டை ஒட்டின மண் ரோட்டுல ஒரு இருபது நிமிஷம் நடந்திருப்பேன். ஒரு வெளி வருது. அங்க மாடு தண்ணி குடிக்கிறதுக்கு யாரோ ஒரு பழைய குளியல் தொட்டியைப் போட்டு வச்சிருக்காங்க, நீலக் கலரு. குளிக்கிற தொட்டியில மாடு தண்ணி குடிக்குது, நாம வாளியில குளிக்கிறோம்னு நினைச்சுச் சிரிச்சுக்கிட்டே நிக்கிறேன், “அம்மா உச்சா”ங்கிறா.

காலையில கிளம்பும்போது கேட்டா வராதாம். இப்ப வருதாம். தொட்டிக்கு இடது கைப்பக்கம் தோள் உயரத்துக்குச் சின்னச் சின்ன பைன் மரம், வேலி மாதிரி நெருக்கமா. ஊசி குத்துதுன்னு யாரும் உள்ளே போக மாட்டாங்கபோல. நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் குனிஞ்சு உள்ளே போய் உட்கார வச்சேன். உட்கார்ந்தவ, “அம்மா, பன்னு”ங்கிறா.

குனிஞ்சு பார்த்தேன். பிள்ளை உசரத்துக்குக் குனிஞ்சாத்தான் தெரியும். மரத்துக்கு அடியில வரிசையா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அசெம்பிளியில நிக்கிற மாதிரி. போரோவிக். எத்தனைன்னு கேட்காதே. எனக்கு அழுகையே வந்துடுச்சு. பாப்பா, “அம்மா, கழுவிவிடு”ங்கிறா.

கை தன்னால போனுக்குப் போச்சு, போட்டோ எடுக்க. பாதியில நிறுத்திட்டேன். சத்தியமா. போனை அணைச்சுப் பைக்குள்ள போட்டேன். அஞ்சே அஞ்சு மட்டும் அறுத்தேன், கத்தியால, பதமா. மேல பாசியை மூடிவிட்டேன். எதுவுமே தெரியாத மாதிரி பாட்டுப் பாடிக்கிட்டே ஸ்டேஷனுக்கு வந்தோம்.

நேரா எதிர் வீட்டு பெல். கதவைத் திறந்தா. கூடையை நீட்டினேன். எடுத்தா, திருப்பிப் பார்த்தா, மோந்து பார்த்தா. தண்டை அமுக்கிப் பார்த்தா. கண்ணு அப்படியே விரிஞ்சுது. அவளுக்கே தெரியாம வாய் கேட்டுடுச்சு:

“எங்கே?”

தங்கச்சி, சாமி சத்தியமா சொல்லுறேன், அந்த ஸ்டேஷன் பேரு என் தொண்டைக்குள்ள வந்து நிக்குது. நாரைக்கூடு நாக்கு நுனியில நிக்குது. குளியல் தொட்டி பல்லுக்கு இந்தப் பக்கம் வந்துடுச்சு. சொன்னா இவ சந்தோஷப்படுவாளே, சொல்லிடு சொல்லிடுன்னு மனசு அடிக்குது. பிரசவத்துலகூட நான் அப்படிப் பல்லைக் கடிக்கல. கடிச்சுக்கிட்டே சொன்னேன்:

“வ் லெஷே.”

காட்டுல.

உதட்டு ஓரம் லேசா ஆடுச்சு. அப்புறம் கதவு நிலையில சாய்ஞ்சு சிரிச்சா பாரு, மாடிப்படி பூரா எதிரொலி. கீழ் வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்ன ஆச்சுன்னு கேட்டாரு. சிரிச்சு முடிச்சு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, கையை நீட்டினா.

“கான்யா. சாவி.”

அவ்வளவுதான். டிக்கெட்டை அன்னைக்கே கேன்சல் பண்ணச் சொல்லிட்டேன். எங்க அத்தைக்குத்தான் மனசு கேட்கல, சேரை வாங்கி வச்சுட்டாங்கல்லா. அதனாலதான் இந்த லீவுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு மாசம் அந்தச் சிவப்புச் சேரை விட்டு பாப்பா இறங்கல. இந்தத் தடவை போறதுக்கும் ரெண்டு டிக்கெட்டு, வர்றதுக்கும் ரெண்டு.

அடுத்த ஞாயித்துக்கிழமை பொஜேனாவை நான் கூட்டிப் போனேன். அவ இடத்தை நான் பார்த்தேன்ல, என் இடத்தை அவ பார்க்கணும்ல? போனை வீட்டுலயே வைன்னேன். வேணும்னே ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கி, திரும்பி வந்து, சுத்திக் கூட்டிட்டுப் போனேன். டிராம் ஓட்டுறவளுக்கே வழி குழம்பிடுச்சு. போய்ப் பார்த்ததும் மண்டி போட்டு உட்கார்ந்துட்டா, கோயில்ல உட்கார்ற மாதிரி. நான் விரலை உதட்டுல வச்சு “நிக்கோமு”ன்னேன். அவ என் தலையில ஒரு தட்டு தட்டினா. அப்புறம் ரெண்டு பேரும் அவ வீட்டு அடுப்படியில உட்கார்ந்து காளானைச் சீவி, காய வைக்க நூல்ல கோத்தோம். அவ ஊசியில ஒண்ணொண்ணா குத்திக்கிட்டு இருந்தா. நான் மல்லிகைப் பூ கட்டுற மாதிரி கட்டி ரெண்டு முழம் கொடுத்தேன். ஸோஷா அதை எடுத்துத் தலையில வச்சுக்கிச்சு.

மேல ரேக்குல பார், அந்தப் பனையோலைப் பெட்டி. பொஜேனாவுக்குத்தான். சாத்தான்குளம் சந்தையில வாங்கினேன். காத்து உள்ளே போய் வரும், காளான் வேகாது. பாலிதீன் பையில போட்டா ஒரு மணி நேரத்துல நசநசன்னு ஆயிடும். நீ போறதா இருந்தாலும் பையைக் கொண்டு போயிடாதே. வேரோட பிடுங்கவும் கூடாது. எடுத்ததைத் தெரிஞ்சவங்ககிட்ட காட்டாம அடுப்புல ஏத்தவும் கூடாது. நான் பொஜேனா கண்ணுல காட்டாம இன்னைக்கு வரைக்கும் எதையும் வாணலியில போட்டதில்லை.

அந்தப் பழைய இடமா? குரூப்காரங்களோட கெட்-டுகெதருக்குப் பிறகு அங்க ஒண்ணும் முளைக்கலையாம். ரெண்டு மூணு வருஷம் ஆகும்கிறா. அதைச் சொல்லும்போது மட்டும் அவ முகம் கொஞ்சம் வாடும். அதனாலதான் நான் இந்த விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு ஆயிட்டேன். ஒரு வருஷம் ஆச்சு, எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. இர்ஃபான் அண்ணன் எத்தனை தடவை கேட்டாரு, “கனி, புது இடம் எங்கே, புது இடம் எங்கே”ன்னு. வாயைத் திறக்கலையே! ஊர்ல எல்லாரும் என்னை ஓட்டை வாய்னு சொல்லுவாங்க. வந்து பார்க்கட்டும்.

இந்தா, போஸ்னான் வந்துடுச்சு, கட்டடம் தெரியுது. பாப்பா, எழுந்திரு கண்ணு. அத்தை மடியை எச்சில் பண்ணிட்டியா? பெட்டியை விடு தங்கச்சி, கயித்தைப் பிடிச்சுத் தூக்கு, அதுக்குத்தானே கட்டியிருக்கு.

என்ன? நீயும் கேட்கிறியா, எங்கேன்னு? பார்த்தியா பார்த்தியா! கேட்டா என்ன சொல்லுவேன்?

காட்டுல!

சிரிக்காதே. கொன்னாலும் அதுக்கு மேல ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வராது. என்ன, போன்ல வேகவேகமா டைப் பண்ணிக்கிட்டே வர்ற? யாருக்கு, வீட்டுக்காரருக்கா?

அப்போ சரி. அவரு நம்ம ஆளுதானே.